விண்டோஸும் உபுண்டுவும் உள்ள லேப்டாப்பில் எஸ்எஸ்டி: டிடியா, குளோன்ஸில்லாவா, புதிதாகவே போடுவதா?

500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்ட வேண்டும். விண்டோஸ், உபுண்டு லினக்ஸ் என இரண்டு ஓஎஸ்ஸும் அப்படியே வர வேண்டும். பழைய டிஸ்க்கில் பழுதில்லை என்றால், டிஸ்க்கை நகலெடுக்கும் இலவச மென்பொருளான குளோன்ஸில்லாவே போதும்.

லினக்ஸின் நகல் கட்டளையான டிடி, டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு துண்டு) கடைசி செக்டர் வரை, காலி இடத்தையும் சேர்த்தே எழுதும். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 500 ஜிபிக்கு ஏறக்குறைய 85 நிமிடம். மூல டிஸ்க், இலக்கு டிஸ்க் பெயர்களை மாற்றிக் கொடுத்தால் ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் தரவை அழித்துவிடும். படிக்க முடியாத செக்டர் வந்தால் அங்கேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூதான் சரி.

குளோன்ஸில்லா நிரம்பிய பகுதியை மட்டும் எடுக்கும். 150 ஜிபிதான் நிரம்பியிருக்கிறதா, அவ்வளவுதான் வேலை. அது அடம்பிடிக்கும் இடம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் திறக்க, முழுதாக அணையாமல் இருக்கும் வசதி): சி டிரைவ் பாதித் தூக்கத்தில் கிடப்பதால் நகலெடுக்க மறுக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் முதலிலேயே நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) முழுவதும், காலி இடம் உட்பட, நகலாகும்.

இரண்டு வழியிலும் சிக்கல் நகலெடுத்த பிறகுதான் வரும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) இருப்பதால், பழையதைக் கழற்றாமல் பூட் செய்தால் உபுண்டு எதை மவுண்ட் செய்யும் (திறந்து பயன்படுத்தும்) என்று சொல்ல முடியாது. சில யுஎஸ்பி உறைகள் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டிகள்) செக்டர் அளவை 4096 பைட் என்று காட்டும். அதில் வைத்து எழுதிய எஸ்எஸ்டியை உள்ளே மாட்டியதும் பார்ட்டிஷனே தெரியாது. எஸ்எஸ்டியை உள்ளேயும் பழைய டிஸ்க்கை உறையிலும் வைத்து நகலெடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனு வராமல் நேராக விண்டோஸ் திறந்தால் பயப்பட வேண்டாம், மதர்போர்டு பூட் பட்டியலிலிருந்து உபுண்டு பதிவு போயிருக்கிறது. உபுண்டுவின் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடுவது) ஏறி, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை கொண்டு மீண்டும் சேர்க்கலாம்.

புது எஸ்எஸ்டியில் மிஞ்சும் 500 ஜிபி இடம் அதன் வால்பக்கம் கிடக்கும். சி டிரைவைப் பெரிதாக்க, நடுவில் உள்ள ரெக்கவரி, லினக்ஸ் பார்ட்டிஷன்களை ஜிபார்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளில் நகர்த்த வேண்டும். மணிக்கணக்கில் ஓடும், இடையில் மின்சாரம் போனால் பார்ட்டிஷனும் போகும். அந்த இடத்தை இரண்டு ஓஎஸ்ஸுக்கும் பொதுவான என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் முறை) டிரைவாக்குவதே புத்திசாலித்தனம்.

புதிதாக நிறுவுவது எப்போது? பழையது எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை) டிஸ்க்காக இருந்து யுஇஎஃப்ஐக்கு (புதிய பூட் முறை) மாற நினைத்தால், அல்லது விண்டோஸ் ஏற்கெனவே தள்ளாடினால். முதலில் விண்டோஸ், பிறகு உபுண்டு. வரிசை மாறினால் விண்டோஸ் தன் பூட் மேனேஜரை முன்னால் வைத்துக்கொள்ளும். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, கீ தேட வேண்டியதில்லை. உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரை ஆர்சிங்க் என்ற நகல் கட்டளை கொண்டு ரூட்டாக (நிர்வாகி உரிமையில்) எடுத்து, எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் முறை) டிஸ்க்கில் வையுங்கள். வழக்கமான பென்டிரைவ் வழியாகக் கொண்டுபோனால் ஃபைல் உரிமைகள் தொலைந்து, எஸ்எஸ்எச் கீ (வேறு கணினியில் நுழைய உதவும் ரகசிய ஃபைல்) கூட வேலை செய்யாது.