பாஸ்பேட் பிடிக்கும் மாத்திரைக்கு எந்தச் சமன்பாடு? லாங்மியூர், ஃபிராய்ண்ட்லிஷ், ஸ்காட்சர்டு: ஓர் ஒப்பீடு

செவலமர் மாத்திரையை விழுங்கினால் அது இரத்தத்துக்குள் போவதில்லை. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் உணவில் வரும் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும் பாலிமர் அது. வழக்கமாக ஒரு ஜெனரிக் மருந்தை மூல மருந்தோடு ஒப்பிட, இரண்டையும் கொடுத்துவிட்டு இரத்தத்தில் மருந்தளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இங்கே இரத்தத்தில் பார்க்க ஒன்றுமில்லை. ஆகவே ஒப்பீடு முழுக்கக் குடுவைக்குள் நடக்கிறது. வெவ்வேறு செறிவுள்ள பாஸ்பேட் கரைசல்களில் மாத்திரையைப் போட்டு, சமநிலை வந்ததும் கரைசலில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்து, பிணைந்த அளவைக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தரவை லாங்மியூர் சமன்பாட்டில் பொருத்தி இரண்டு மாறிலிகள் எடுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. கே1 என்பது நாட்டம் (எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது), கே2 என்பது கொள்ளளவு (அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கும்). கே1-க்கு இரு மாத்திரைகளின் விகிதத்தைக் காட்டினால் போதும். கே2-க்கோ அந்த விகிதத்தின் 90% நம்பிக்கை இடைவெளி 80–120 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். விலை குறைந்த மாத்திரை நோயாளி கைக்கு வருமா என்பதில் ஒரு வளைகோட்டுப் பொருத்தத்துக்கு இவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எம்.ஃபார்ம் மாணவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: ஏன் லாங்மியூர்? பாடப்புத்தகத்தில் பக்கத்திலேயே ஃபிராய்ண்ட்லிஷ் இருக்கிறது, புரதப் பிணைப்பு அத்தியாயத்தில் ஸ்காட்சர்டு இருக்கிறது. அவற்றைப் போட்டால் என்ன?

லாங்மியூர்

இர்விங் லாங்மியூர் 1918-இல் இதை எழுதியது கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் தட்டையான பரப்பில் வாயுக்கள் ஒட்டுவதைப் பற்றி. சொற்களில் எழுதினால்:

பிணைந்த அளவு = கொள்ளளவு × நாட்டம் × எஞ்சிய செறிவு ÷ (1 + நாட்டம் × எஞ்சிய செறிவு)

எல்லா இடங்களும் ஒரே மாதிரி, ஓர் இடத்தில் ஒரு மூலக்கூறு, பக்கத்து இடத்தில் இருப்பவர் தொந்தரவு செய்ய மாட்டார். இவைதான் அதன் அனுமானங்கள். செவலமருக்கு இதில் ஒன்றுகூட முழுசாகப் பொருந்தாது. அது நீரில் ஊதிப் பருக்கும் ஜெல். பாஸ்பேட் உள்ளே வர வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கும் குளோரைடோ கார்பனேட்டோ வெளியே போக வேண்டும். பிஹெச் 4-இல் பாஸ்பேட் பெரும்பாலும் ஒற்றை எதிர்மின்சுமையோடு இருக்கும், பிஹெச் 7-இல் இரட்டைச் சுமையுள்ளதும் கலந்திருக்கும். பாலிமரின் அமீன்களும் பிஹெச்சுக்கு ஏற்பத் தங்கள் சுமையை மாற்றிக்கொள்ளும். ஆகவே இங்கே கிடைக்கும் கே1 எந்தத் தனி வேதிப் பிணைப்பின் வலிமையும் அல்ல. அந்தக் குடுவையில், அந்த பிஹெச்சில் கிடைத்த ஓர் எண் மட்டுமே. பிஹெச் 4, 7 இரண்டிலும் தனித்தனியாகச் சோதனை கேட்கப்படுவதன் பொருளும் இதுதான்.

பிறகு ஏன் லாங்மியூர்? அதற்கு ஒரு கூரை இருக்கிறது. ஒரு கிராம் பாலிமர் அதிகபட்சம் எவ்வளவு பாஸ்பேட் பிடிக்கும் என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியும்.

ஃபிராய்ண்ட்லிஷ்

இதில் கூரை கிடையாது. எஞ்சிய செறிவின் ஓர் அடுக்காகப் பிணைப்பு ஏறிக்கொண்டே போகும். செறிவைக் கூட்டக் கூட்டப் பிணைப்பும் முடிவின்றிக் கூடும் என்று சொல்கிற சமன்பாட்டிடம் கொள்ளளவைக் கேட்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. கொள்ளளவு கிராமுக்கு 5 மில்லிமோல், நாட்டம் மில்லிமோலுக்கு 0.4 லிட்டர். எஞ்சிய செறிவு லிட்டருக்கு 0.5 மில்லிமோலாக இருக்கும்போது கிராமுக்கு 0.83 மில்லிமோல் பிணையும். செறிவு 1 என்றால் 1.43, 2 என்றால் 2.22, 10 என்றால் 4, 40 என்றால் 4.71.

இப்போது 0.5 முதல் 2 வரை மட்டும் அளந்தவர் அதை மடக்கைத் தாளில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைகளை இணைக்கும் நேர்க்கோட்டின் சாய்வு 0.71. நடுப்புள்ளியில் ஃபிராய்ண்ட்லிஷ் சொல்வது 1.36, உண்மை 1.43. 5% வித்தியாசம் சோதனைப் பிழையில் கரைந்துவிடும். "அருமையாகப் பொருந்துகிறது" என்று அறிக்கை எழுதிவிடலாம். அதே கோட்டை 40 வரை நீட்டினால் 18.5 வருகிறது. உண்மை 4.71. கிட்டத்தட்ட நான்கு மடங்கு தப்பு!

ஃபிராய்ண்ட்லிஷை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. செயலூட்டிய கரியில் சிறிதும் பெரிதுமாக, வலிமையும் பலவீனமுமாகப் பல வகை இடங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பரப்பில், அளந்த எல்லைக்குள் தரவைச் சுருக்கிச் சொல்ல அது நல்ல கருவி. அந்த எல்லையைத் தாண்டினால் அதை நம்பக் கூடாது.

ஒரே லாங்மியூர், பல முகங்கள்

பலர் லாங்மியூரையும் ஃபிராய்ண்ட்லிஷையும் ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது, லாங்மியூரையே எந்த வடிவில் பொருத்துகிறோம் என்பது. கணித முறையில் எல்லா வடிவங்களும் ஒன்றுதான். பிழையுள்ள தரவு வந்ததும் ஒவ்வொன்றும் வெவ்வேறு விடை சொல்லும்.

தலைகீழ் வரைபடத்தில் பிணைந்த அளவு, செறிவு இரண்டின் தலைகீழ் மதிப்புகளையும் குறிப்போம். மேலே சொன்ன கணக்கில் செறிவு 0.5 இருக்கும் புள்ளி அச்சில் 2-இல் போய் உட்காரும். 10-உம் 40-உம் 0.1, 0.025 என்று மூலையில் ஒட்டிக்கொள்ளும். கொள்ளளவைப் பற்றித் தெரிந்த புள்ளிகள் மூலையில் முடங்க, தெரியாத புள்ளி கோட்டை இழுத்துக்கொண்டு போகும். இந்த வடிவத்தை நான் பயன்படுத்தவே மாட்டேன்.

செவலமர் அறிக்கைகளில் வழக்கமாக வருவது இன்னொன்று: செறிவைப் பிணைந்த அளவால் வகுத்து, அதைச் செறிவுக்கு எதிராக வரைவது. சாய்வின் தலைகீழ்தான் கொள்ளளவு. கேட்கவும் பார்க்கவும் அழகு. ஆனால் செறிவு இரண்டு அச்சுகளிலும் இருக்கிறது. பிணைந்த அளவு தாறுமாறாக ஆடினாலும் செறிவு 80 மடங்கு விரியும்போது கோடு நேராகவே தெரியும். இந்த வரைபடத்தில் ஆர்-ஸ்கொயர் (கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்ற அளவு, அதிகபட்சம் 1) 0.99 என்று காட்டுவது எனக்கு எந்த நம்பிக்கையும் தருவதில்லை.

இன்னொரு சிக்கல், பிணைந்த அளவை நேரடியாக அளக்காமல் கழித்துக் கண்டுபிடிப்பதால் வருவது. லிட்டருக்கு 1 கிராம் பாலிமர் போட்டிருந்தால், எஞ்சிய செறிவு 40 ஆக நிற்கத் தொடக்கத்தில் 44.71 இருந்திருக்க வேண்டும். எஞ்சியதை அளப்பதில் 2% பிழை வந்தால் அது 0.8 மில்லிமோல். பிணைந்ததோ வெறும் 4.71. அதாவது பிணைந்த அளவில் 17% பிழை. அந்தப் புள்ளியையும் 0.5 புள்ளியையும் மட்டும் இணைத்துக் கோடு போட்டால் கொள்ளளவு 4.1-இலிருந்து 5.9 வரை எங்கும் வரலாம். 5-க்கு இது 82 முதல் 119 சதவீதம். அனுமதிக்கப்பட்ட 80–120 முழுவதையும் ஒரே புள்ளியின் 2% பிழை தின்றுவிடுகிறது. நடுவில் வேறு புள்ளிகள் இருந்தால் ஆட்டம் குறையும், ஆனால் போகாது.

இதற்கு மருந்து சமன்பாட்டில் இல்லை, தராசில் இருக்கிறது. லிட்டருக்கு 4 கிராம் பாலிமர் போடுங்கள். 800 மி.கி. மாத்திரை ஒன்றை 200 மி.லி.-இல் போட்டால் அந்தக் கணக்கு வந்துவிடும். இப்போது அதே எஞ்சிய செறிவில் 18.8 மில்லிமோல் குறைந்திருக்கும். அதே 0.8 பிழை 4 சதவீதமாக அடங்கிவிடும்.

அதன்பின் வளைவை வளைவாகவே பொருத்துங்கள். எக்செல் சால்வரே போதும். ஒவ்வொரு புள்ளியின் பிழைக்கும் ஏற்ற எடை கொடுக்க மறக்க வேண்டாம். கழித்தல் முறையில் செறிவு கூடக் கூடப் பிழையும் கூடுவதால், எடையில்லாத பொருத்தமும் மேல் முனையின் பேச்சையே அதிகம் கேட்கும்.

ஸ்காட்சர்டு

ஜார்ஜ் ஸ்காட்சர்டு 1949-இல் புரதங்களோடு சிறு மூலக்கூறுகள் பிணைவதற்காக எழுதிய வரைபடம் இது. பிணைந்ததை எஞ்சியதால் வகுத்து, பிணைந்ததற்கு எதிராக வரைவது. அடியில் இருப்பது அதே லாங்மியூர்தான். இரத்தத்திலுள்ள ஆல்புமின் மாதிரியான புரதங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. ஒரே வகை இடம் என்றால் நேர்க்கோடு, இரண்டு வகை என்றால் வளைவு. ஆல்புமினில் வார்ஃபரின் ஓர் இடத்தையும் ஐபுப்ரோஃபென் இன்னொன்றையும் முதன்மையாகத் தேடிப் போகின்றன. இன்னும் பலவீனமான இடங்களும் இருப்பதால் வளைவு வருவது இயல்பு.

தவறு அதற்கப்புறம் நடக்கிறது. வளைவின் செங்குத்தான பகுதிக்கு ஒரு கோடு, படுக்கையான பகுதிக்கு இன்னொரு கோடு என்று அடிக்கோல் வைத்துப் போட்டு, இரண்டு நாட்டங்கள் கிடைத்துவிட்டன என்று எழுதுகிறார்கள். அப்படிக் கிடைக்காது. வளைவின் எந்தப் புள்ளியிலும் இரு வகை இடங்களின் பங்கும் கலந்தே இருக்கும். கிடை அச்சை வெட்டும் இடம் இரண்டு கொள்ளளவுகளின் கூட்டுத்தொகை, நிலை அச்சை வெட்டும் இடம் ஒவ்வொரு வகையின் கொள்ளளவையும் நாட்டத்தையும் பெருக்கிக் கூட்டியது. தனித்தனியாகப் பிரிக்க இரு-இடச் சமன்பாட்டைத்தான் நேரடியாகப் பொருத்த வேண்டும். ஸ்காட்சர்டு கண்ணால் பார்க்க மட்டும். செவலமருக்கு எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

ஹில் சமன்பாட்டைப் பற்றி ஒரு வரி போதும்: லாங்மியூரின் செறிவுக்குக் கூடுதலாக ஓர் அடுக்கு இருப்பதால் எதையும் பொருத்திவிடும், எட்டே செறிவுகள் உள்ள தரவில் அந்தத் தாராளம் எனக்கு வேண்டாம்.

எந்தச் சமன்பாட்டுக்கும் முன்னால்

இர்விங் க்ளாட்ஸ் 1982-இல் ஸ்காட்சர்டு வரைபடங்களைப் பற்றி விடுத்த எச்சரிக்கை இங்கேயும் அப்படியே பொருந்தும். பிணைந்த அளவை எஞ்சிய செறிவின் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். வளைவு எஸ் போலத் திரும்ப வேண்டும். திரும்பும் புள்ளிதான் பாதிக் கொள்ளளவு. நம் கணக்கில் அது செறிவு 2.5-இல் வருகிறது. 2 வரை மட்டும் அளந்தவர் அந்தத் திருப்பத்தையே பார்க்கவில்லை. அவர் சொல்லும் கொள்ளளவு, லாங்மியூரில் வந்தாலும் ஸ்காட்சர்டில் வந்தாலும், ஊகம்தான்.

எட்டு செறிவுகளைத் திட்டமிடும்போது மூன்றையாவது அந்தத் திருப்பத்துக்கு மேலே, கூரை தெரியும் இடத்தில் வையுங்கள். முதல் ஓட்டத்தில் கடைசி இரண்டு புள்ளிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் கணினியைத் திறக்க வேண்டாம். இன்னும் செறிவான பாஸ்பேட் கரைசலைத் தயாரித்துவிட்டு மீண்டும் குடுவைக்குப் போங்கள்.