வீட்டுக்குள்ள ஸ்டீல் படிக்கட்டு வச்சோம்: ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்த பிறகு என் ரிவ்யூ

கீழ நாங்க, மாடியில வாடகைக்கு ஆள், சந்துப் பக்கம் வெளிய ஒரு படிக்கட்டு. திருச்சியில 90கள்ல கட்டின நிறைய வீடு இப்படித்தான் இருக்கும். தம்பி குடும்பம் எங்களோடயே வந்து இருக்கலாம்னு முடிவானதும் ரெண்டு மாடியையும் உள்ளுக்குள்ளயே இணைச்சே ஆகணும்னு ஆகிடுச்சு, கைக்குழந்தைய தூக்கிக்கிட்டு மழையில வெளிய சுத்திப் போய் ஏற முடியுமா சொல்லுங்க. அதனால லோக்கல்ல ஒரு சின்ன இன்டீரியர் டீம புடிச்சு, ரூஃப வெட்டி, ஸ்டீல் ஃப்ரேம் மேல தேக்குப் பலகை வச்ச படிக்கட்டு போட்டோம், கூடவே கீழ் ஹாலும் மாடி லாபியும் புதுசாச்சு. மார்க் முதல்லயே சொல்லிடறேன்: படிக்கட்டுக்கு 5க்கு 4.5, வேலை சுத்தத்துக்கு 4, சொன்ன தேதிக்கு முடிக்கறதுல 2.

எல்லாரும் டிசைன் படத்த பார்த்துட்டுதான் ஆரம்பிக்கறாங்க, இந்த டீமும் அப்படித்தான் டேப்ல நூறு படம் காட்டினாங்க, மிதக்கற மாதிரி படி, முழுக்க கண்ணாடி, அடியில வெள்ளைக் கூழாங்கல். எங்க அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி, அவங்க தினமும் ஏறி இறங்கப் போற படி இது, அதனால நான் கேட்ட முதல் கேள்வி ஒரு படி எவ்வளவு உயரம்னுதான். அவங்க முதல் பிளான்ல கீழ் தரையில இருந்து மாடித் தரை வரை 10 அடி 6 இஞ்ச், அதாவது 126 இஞ்ச, 16 படியா பிரிச்சிருந்தாங்க. ஒரு படி கிட்டத்தட்ட 8 இஞ்ச், சென்டிமீட்டர்ல 20. வீட்டுப் படிக்கட்டுக்கு நேஷனல் பில்டிங் கோட் 2016 சொல்றது அதிகபட்சம் 19 செ.மீ உயரம், கால் வைக்கற அகலம் குறைஞ்சது 25 செ.மீ. அதுவே கடைசி எல்லைதான், சௌகரியம்னு சொல்லிட முடியாது. ஏன் 16னு கேட்டா இடம் மிச்சமாகும், ரூஃப கம்மியா வெட்டலாம்னு சொன்னாங்க. ஹால்ல மூணு அடி மிச்சம் பண்ணிட்டு, ஆயுசு முழுக்க ஒவ்வொரு படிக்கும் முட்டிய கூடுதலா தூக்கணுமா?

உட்கார்ந்து திரும்ப பிரிச்சோம். 19 படி, ஒரு படி 6.6 இஞ்ச், மிதி அகலம் 11 இஞ்ச். இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, பிரான்ஸ்ல 17ஆம் நூற்றாண்டுல இருந்த பிளாண்டெல்னு ஒரு ஆர்க்கிடெக்ட் சொன்னது, உயரத்த ரெண்டு மடங்காக்கி அகலத்தோட கூட்டினா மனுஷன் ஒரு எட்டு எடுத்து வைக்கற தூரம் வரணும். இப்போ பொதுவா 60ல இருந்து 64 செ.மீ வரைக்கும் பார்க்கறாங்க. எங்களுக்கு 61 சொச்சம் வந்துச்சு. பத்து படி ஏறினா 3 அடிக்கு ஒரு லேண்டிங், திரும்பி இன்னும் ஒன்பது. இதுக்கு இடம் வேணும்னு பழைய ஸ்டோர் ரூம் சுவர எடுத்தோம், அது தடுப்புச் சுவர்தான், லோடு தாங்கற சுவர் கிடையாதுன்னு செக் பண்ணிட்டுதான் எடுத்தோம். அப்பாவுக்கு ஒத்தைப்படையில வந்ததுல ரொம்ப திருப்தி, எனக்கு அம்மா லேண்டிங்ல ஒரு மூச்சு நின்னுட்டு மேல போறதுல திருப்தி.

இன்னொன்னு, இத யாருமே சொல்ல மாட்டாங்க. படி உயரத்த பழைய தரையில இருந்து அளந்துட்டு, அப்புறம் அது மேல சிமெண்ட் கலவை போட்டு புது டைல்ஸ் ஒட்டினா ஒன்றரை ரெண்டு இஞ்ச் தரை ஏறிடும், முதல் படி மட்டும் குட்டையாகிடும். மாடியில டைல்ஸ் ஒட்டினா கடைசி படி உயரமாகிடும். ஏறும்போது கால் ரெண்டு மூணு படியிலயே அந்த உயரத்துக்குப் பழகிடுது, நடுவுல ஒண்ணு மாறினா தடுக்கி விழறது நிச்சயம். எங்க டீம்ல வந்த சூப்பர்வைசர் பையன் இதுல கெட்டிக்காரன், ரெண்டு மாடியிலயும் டைல்ஸ் முடிஞ்ச மட்டத்த சுவர்ல கோடு போட்டு வச்சுட்டுதான் வெல்டர அளக்கவே விட்டான். இப்போ டேப் வச்சு அளந்தாலும் எல்லாப் படியும் ஒண்ணு போல இருக்கு. அந்த 4 மார்க்ல பாதி அவனுக்குத்தான்.

ரூஃப் வெட்டறது பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா பயப்பட வேண்டிய இடம் இதுதான். இவங்களுக்கு முன்னாடி விலை கேட்ட இன்னொரு ஆள், இன்ஜினியரெல்லாம் எதுக்கு சார், பிரேக்கர் போட்டா ஒரே நாள்ல ஓட்டை போட்டுடலாம்னு சொன்னார், அவர அங்கயே விட்டுட்டோம். ரூஃப்ல போற கம்பிய நீங்க அறுக்கறீங்க, அந்த ஓரத்துக்கு இனிமே யார் தாங்கறதுன்னு முடிவு பண்ணாம வெட்டக் கூடாது. இந்த டீம் கூட்டிட்டு வந்த ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஸ்கேனர் வச்சு கம்பி எங்க ஓடுது, பீம் எங்க இருக்குன்னு சாக்பீஸ்ல மார்க் பண்ணார், பீம தொடாம ஓட்டை எங்க வரணும்னு அவர்தான் முடிவு பண்ணார். வெட்டற ஓரத்துக்கு அடியில ஐ செக்ஷன், அதாவது இங்கிலீஷ் I எழுத்து வடிவ ஸ்டீல் பீம ரெண்டு பக்கமும் கொடுத்து, ஜாக்கி முட்டு நிறுத்தின பிறகுதான் வேலை ஆரம்பிச்சது. பிரேக்கர் வேண்டாம், அந்த அதிர்வுல மீதி ரூஃப்ல முடி மாதிரி விரிசல் வரும்னு, தண்ணி ஊத்திக்கிட்டே வெட்டற டைமண்ட் பிளேடு மெஷின்ல துண்டு துண்டா வெட்டி இறக்கினாங்க. செலவு கூடத்தான் ஆகும், ஆனா மாடி சுவர்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு விரிசல் இல்ல. வீட்ட காலி பண்ணிட்டுதான் இந்த வேலை பண்ணணும், தண்ணி ஊத்தி வெட்டினாலும் சிமெண்ட் சேறு எல்லா ரூமுக்கும் போகுது.

கான்க்ரீட் படி ஏன் போடலன்னு நிறைய பேர் கேக்கறாங்க. புதுசா கட்டற வீடா இருந்தா நானே கான்க்ரீட்தான் சொல்லுவேன், விலையும் கம்மி, சத்தமும் இருக்காது. பழைய வீட்டுல கான்க்ரீட் படின்னா வெயிட் அதிகம், அடியில ஃபவுண்டேஷன் தோண்டணும், ஹால் நடுவுல சென்ட்ரிங் அடிச்சு கான்க்ரீட் இறுக வாரக்கணக்குல தண்ணி ஊத்தணும். ஸ்டீல் ஃப்ரேம பட்டறையிலயே வெல்டிங் பண்ணி, கிரைண்ட் பண்ணி, பிரைமர் அடிச்சு கொண்டு வந்து இங்க போல்ட் போட்டு மாட்டிட்டாங்க. ஸ்டீல் படின்னாலே டங்கு டங்குன்னு சத்தம் வரும்ங்கற பயம் இருந்துச்சு. பிளேட்டுக்கும் பலகைக்கும் நடுவுல ரப்பர் ஷீட் வச்சிருக்காங்க, பிள்ளைங்க ஓடினா சத்தம் கேக்குது, இல்லன்னு சொல்ல மாட்டேன், நடந்தா கேக்கறதில்ல.

பலகை ஒன்றரை இஞ்ச் கனம். ரப்பர் வுட்டும் காட்டினாங்க, விலை ரொம்ப கம்மி, ஆனா கரையானும் ஈரமும் அதுக்கு ஆகாதுன்னு எங்க ஆசாரி ஒரே பிடியா தேக்குதான்னு நின்னார். பில்லுல பெரிய வரி இதுதான். மரம் மழைக்கு உப்பும், கோடைக்கு சுருங்கும், அதனால பிளேட்டுல ஸ்க்ரூ ஓட்டை நீளவாக்குல இருக்கணும், வட்டமா போட்டு இறுக்கினா பலகை வெடிக்கும். எங்களுக்கு மூணு படியில வட்ட ஓட்டையே போட்டுட்டாங்க, ஐப்பசி மழையில அந்த மூணும் கிறீச்சுன்னு சத்தம் போட ஆரம்பிச்சிடுச்சு. போன் பண்ணினோம், வந்தாங்க, கழட்டி ஓட்டைய இழுத்து விட்டு திரும்ப மாட்டினாங்க, காசு கேக்கல. பாலிஷ் விஷயத்துல கண்டிப்பா பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ் பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் கேளுங்க. பளபளன்னு கிளாஸி ஃபினிஷ் அடிச்சா போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஈரக் காலோட இறங்கினா வழுக்கும். கிரானைட் படிக்கும் இதே கதைதான், மிரர் பாலிஷ் போட்டுட்டு அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டறத விட தோல் மாதிரி சொரசொரப்பா இருக்கற லெதர் ஃபினிஷ் வாங்கி ஓரத்துல ரெண்டு கோடு குரூவ் வெட்டச் சொல்லிடுங்க.

கைப்பிடியில கொஞ்சம் சண்டையே போட வேண்டி வந்துச்சு. டிசைன்ல கண்ணாடி, அது மேல பட்டையா ஒரு கட்டை. அம்மா சாம்பிள புடிச்சுப் பார்த்துட்டு கை சுத்தி வரலயேன்னாங்க, அவ்வளவுதான், அத மாத்தச் சொல்லிட்டேன். இப்போ ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உருண்டைத் தேக்கு கைப்பிடி, மூணடி உயரம், சுவர்ப் பக்கம் விரல் உள்ள போக இடைவெளி விட்டு மாட்டினது. கண்ணாடிக்குப் பதிலா மெல்லிசா இரும்புக் கம்பி, கம்பிக்கு கம்பி 4 இஞ்சுக்குள்ள, குழந்தை தலை நுழையக் கூடாதுங்கறதுக்காக. படிக்கும் படிக்கும் நடுவுல திறந்து இருக்கற இடத்துலயும் அதே 4 இஞ்ச் கணக்குதான், அங்க குறுக்க ஒரு கம்பி சேர்த்தாங்க. எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி போடறவங்களுக்கு ஒரு வார்த்தை: காந்தம் ஒட்டலன்னா அது 304 கிரேட்னு கடையில சொல்லுவாங்க, நம்பாதீங்க, விலை கம்மியான 202வும்தான் காந்தத்துல ஒட்டாது. 202ல நிக்கல் கம்மி, சீக்கிரம் துருப் புள்ளி விழும். பில்லுல கிரேட் எழுதி வாங்குங்க.

தரை, லைட் எல்லாம் சுருக்கமா. லேண்டிங்லயும் மாடி லாபியிலயும் ஆத்தங்குடி டைல்ஸ் போட்டோம், காரைக்குடி பக்கம் போய் நாங்களே பார்த்து எடுத்தது. கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமெண்ட் ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணியில ஊற வச்சு எடுக்கறாங்க, சூளையில சுடறதே இல்ல, அந்தக் கண்ணாடி தர்ற வழவழப்புதான் அதோட பளபளப்பு. எனக்கு இந்த வீட்டுலயே ரொம்ப புடிச்ச இடம் அந்த லேண்டிங்தான், சிவப்பும் பச்சையும் பூ டிசைன், காலையில வெயில் விழும்போது பார்க்கணும் அத. ஆசிட் போட்டு கழுவிடாதீங்க, தரை செத்துடும். படி ஓரத்துக்கு இத போடாதீங்க, முனை உடையும். படிக்கு மேலயும் கீழயும் டூ வே சுவிட்ச் கட்டாயம், சுவர்ல கணுக்கால் உயரத்துல மஞ்சள் எல்இடி நாலு வச்சோம், ராத்திரி அது மட்டுமே போதும்.

படிக்கு அடியில டிராயர் வச்சது நல்ல யோசனை, செருப்பு, அயர்ன் பாக்ஸ், பிள்ளைங்க பேட் எல்லாம் அதுக்குள்ள போயிடுது. பிளைவுட் கரையான் ட்ரீட்மென்ட் பண்ணின ஐஎஸ் 710 மெரைன் கிரேட், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கினோம். அங்கயே இன்வெர்ட்டர் பேட்டரியும் மூடி வச்சிடலாம்னு டீம் சொன்னப்போ நான் ஒத்துக்கல, சாதாரண லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், காத்தோட்டம் இல்லாத மரப்பெட்டிக்குள்ள அத வைக்கவே கூடாது.

குறைன்னு பார்த்தா ரெண்டு. வீட்டுக்குள்ள ரூஃப்ல ஓட்டை போட்டா அது புகைக்கூண்டு மாதிரி வேலை செய்யும், கீழ் சூடெல்லாம் மேல ஏறும், மாடி ஏசி காத்து கீழ இறங்கிடும். டிசைன் பண்ணும்போதே இத அவங்க சொல்லியிருக்கணும், சித்திரை வெயில்ல நாங்களா கண்டுபிடிச்சு அப்புறம் லாபியில ஸ்லைடிங் கதவும், மேல சுவர்ல சூடு வெளிய போக ஜாலியும் (சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கற தடுப்பு) வச்சோம். ரெண்டாவது டைம். வெல்டர் வந்தா ஆசாரி வரமாட்டார், ஆசாரி வந்தா பாலிஷ்காரர் வரமாட்டார், தீபாவளிக்கு முடியும்னது பொங்கல தாண்டிடுச்சு, அதுவரைக்கும் வெளிய வாடகை நாங்கதான் கட்டினோம். அதனால ஒவ்வொரு வேலை முடிஞ்ச பிறகு காசுன்னு எழுதி வாங்குங்க, ஜிஎஸ்டி உள்ளயா வெளியவான்னும் அதுலயே எழுதச் சொல்லுங்க, கடைசி 10 சதவீதத்த கையில வச்சுக்கோங்க. நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம், சுவர்ப் பக்கக் கைப்பிடியோட மேல் முனைக்கு வளைவுத் துண்டு ஒண்ணு இன்னும் வரணும், புடவைத் தலைப்பு அதுல மாட்டுது, அத மாட்டிட்டா மீதி காச கொடுத்துடுவோம்.