பெரம்பூர் செய்தி வாசிப்பு வகுப்பு: ழகரம் பாஸ், டாக்பேக் ஃபெயில்

பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், இரண்டாம் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. இரண்டு மாதம், வாரம் இரண்டு நாள், கட்டணம் 12,000 ரூபாய். உச்சரிப்புக்காகச் சேர்ந்தால் பணம் வீண் போகாது. சேனல் வேலைக்காக என்றால் மேலே படியுங்கள்.

உச்சரிப்புப் பயிற்சி உண்மையிலேயே தரம். வடசென்னைப் பேச்சில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடும். அதைக் கேலி செய்யாமல், கையில் கண்ணாடியைக் கொடுத்து நாக்கைப் பார்க்கச் சொல்லித் திருத்துகிறார்கள். நுனி உள்மடங்கி மேலண்ணத்தை நெருங்கினால் ழகரம், தொட்டுவிட்டால் ளகரம். பயிற்சித்தாளில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்துச் செய்தி ஒன்று: 'எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம்'. இந்த நாலு சொல்லை ஐந்து முறை தடுக்காமல் வாசிப்பவருக்கு மற்ற ஸ்கிரிப்ட் எல்லாம் சும்மா. 1,34,560 போன்ற எண்ணைப் பார்த்ததும் 'ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐநூற்று அறுபது' என்று எழுத்தில் எழுதிக்கொள்ளப் பழக்குவதும் நல்ல விஷயம்.

கேமரா முன்னால் ஸ்கிரிப்டை ஓடவிட்டுக் காட்டும் பிராம்ப்டரில்தான் சறுக்கல். டேப்லெட்டையும் சாய்த்து வைத்த கண்ணாடியையும் வைத்துச் செய்த செட், அதில் தப்பில்லை. ஆனால் அறை சின்னது, கேமரா ஐந்தடியில் நிற்கிறது. அவ்வளவு கிட்டத்தில் கண் இடமும் வலமும் ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். வரிக்கு மூன்று சொல் மட்டும் வருமாறு ஓரத்தைக் குறுக்கினாலே பாதி சரியாகிவிடும், அதைக்கூடச் செய்வதில்லை. தவிர, ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு மாணவரைத் துரத்த விடுகிறார்கள். சேனலில் நேர்மாறு: வாசிப்பவர் நின்றால் பிராம்ப்டரும் நிற்கணும்.

பெரிய ஓட்டை, டாக்பேக் (வாசிப்பவர் காதில் ஒலிக்கும் கட்டளை) இல்லாதது. நேரலையில் காதுக்குள் பிசிஆர் எனும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து புரொடியூசர் பேசிக்கொண்டே இருப்பார்: "அடுத்த ஸ்டோரி டிராப், போனோ (போனில் நிருபர்) ரெடி, இன்னும் இருபது செகண்ட் இழுங்க." வாய் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போதே காது இதை வாங்கணும். புதியவர்கள் இங்கேதான் வாக்கியத்தின் நடுவில் முழிப்பார்கள். இந்த வகுப்பில் 15 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து வாசிப்பதே இறுதித் தேர்வு. ஷோபனா ரவி காலத்துத் தூர்தர்ஷனுக்கு அது போதும். 2011இல் புதிய தலைமுறை வந்தபிறகு, ஆள் எடுக்கும்போது பார்ப்பதே வேறு: ஸ்கிரிப்ட் இல்லாமல் ஒரு பிரேக்கிங்கை மூன்று நிமிடம் ஓட்ட முடியுமா, போனில் இருக்கும் நிருபரிடம் உருப்படியாக இரண்டு கேள்வி கேட்க முடியுமா என்பதுதான். டெஸ்க்கில் செய்தி எழுதிப் பழகியவர்கள் ஆங்கர் நாற்காலிக்கு வந்தால் தாக்குப்பிடிப்பது இதனால்தான். எழுத்துப் பயிற்சி இங்கே ஒரே ஒரு வகுப்பு.

உடை பற்றிச் சொல்வது சரியான குறிப்பு: க்ரோமா எனும் பச்சைத் திரை முன்னால் பச்சை வேண்டாம், பொடிக்கட்டம் வேண்டாம், நீளச் சங்கிலி, உடையில் குத்தும் லேபல் மைக்கில் உரசும்.

கடைசியில் தரும் ஷோரீலில் (வேலை கேட்கும்போது காட்டும் மாதிரி வீடியோ) பின்னணி இசையும் வெட்டி ஒட்டலும் அதிகம். ஒரே டேக்கில் எடுத்த, இசை சேர்க்காத இரண்டு நிமிட ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடுக்கிய இடத்தில் எப்படி மீண்டு வந்தீர்கள் என்பது அதில்தான் தெரியும். சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை.

வகுப்பில் சொல்லாத இன்னொன்று. காலை 6 மணி புல்லட்டினுக்கு மேக்கப், ஸ்கிரிப்ட் எல்லாம் சேர்த்து நாலரைக்கே உள்ளே இருக்கணும். மெட்ரோ முதல் ரயிலே 5 மணிக்குத்தான். திருவொற்றியூரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ கிண்டிப் பக்கம் போகிறவர்கள், சம்பளம் பேசும்போதே கேப் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

சேர்ந்துவிட்டீர்களா? வீட்டில் ஒரு காதில் இயர்போன் மாட்டி, யாரையாவது போனில் பத்திலிருந்து கவுண்ட்டவுன் சொல்லச் சொல்லி, அன்றைய பேப்பரைச் சத்தமாக வாசியுங்கள். தினம் பத்து நிமிடம். சைபர் வரும்போது வாக்கியமும் முடிந்திருக்கணும்.