சிறு வயதுப் பியானோ: நல்ல ஆசிரியரிடம் பத்தாண்டு கழித்துக் கையில் நிற்பது எது?

நல்ல ஆசிரியரிடம் ஆறேழு வயதில் சேர்ந்த பிள்ளை முதல் வருடத்தில் பெரிதாக எதையும் வாசிக்காது. மூன்றே மாதத்தில் முழுப் பாட்டு வாசிக்கும் வேறு பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோர் கலங்குவார்கள். கலங்க வேண்டாம். பத்தாண்டு கழித்தும் கையில் நிற்பது இப்போது போடும் அடித்தளம்தான்.

அந்த வருடத்தில் பாதி, உட்காரப் பழகுவதிலேயே போகும். முழங்கை வெள்ளைக் கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி இருக்கையை உயர்த்தினால் கால் தொங்கும். கால் தொங்கினால் உடம்பு நிலையில்லாமல் தோள் இறுகும். அதனால் காலடியில் ஒரு பலகை. அடுத்து, விரல் நுனியை ஒட்டிய கணு. அது உள்வாங்கினால் கையின் எடை கட்டைக்குப் போய்ச் சேராது, ஈடுகட்ட மணிக்கட்டு விறைக்கும். ஐந்தாம் வருடத்தில் இதைத் திருத்துவதென்றால் கையிலிருக்கும் பாடங்களையெல்லாம் ஓரம்கட்ட வேண்டிவரும்.

ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் விரல் எண் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) எழுதித் தருபவரிடம் எச்சரிக்கை தேவை. பிள்ளை எண்ணைத்தான் படிக்கும், ஸ்வரத்தைப் படிக்காது. கை இடம் மாறும் இடத்தில் மட்டும் பென்சிலால் குறித்தால் போதும்.

சி மேஜர் ஸ்கேலை (சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, மீண்டும் சி என்ற ஸ்வர வரிசையை) இரு கையிலும் சேர்த்து வாசிக்கும்போது எல்லோரும் தடுமாறுவார்கள். ஏறும்போது வலக்கைக்கு 1-2-3-1-2-3-4-5, இடக்கைக்கு 5-4-3-2-1-3-2-1. வலக்கையில் கட்டைவிரல் எஃப்-இல் அடியில் நுழைகிறது. இடக்கையில் நடுவிரல் ஏ-இல் மேலே தாண்டுகிறது. இரண்டும் வேறு வேறு இடம், அதுதான் சிக்கல். விஷயம் தெரிந்தவர்கள் இரு கட்டைவிரலையும் கட்டைவரிசையின் நடுவிலுள்ள சி-யில் வைத்து எதிரெதிர்த் திசையில் விரியச் சொல்வார்கள். அப்போது தாண்டல் இரு கையிலும் ஒரே நேரத்தில் விழும்.

பயிற்சியை எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்கினால் முதல் பக்கம் மட்டும் மின்னும். கடைசி நான்கு பாரிலிருந்து (பார் என்பது தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதி) பின்னோக்கிக் கட்டுவது மேல். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து மூன்று முறை பிழையில்லாமல் வந்த பிறகே 64.

ஒலியை நீட்டிக்கும் பெடலை ஸ்வரத்தோடு சேர்த்து மிதிக்கக்கூடாது. புதிய கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஒலிக்கும் கணத்தில் காலை எடுத்து, ஒலித்த பின் மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கார்டும் புதியதும் குழம்பிவிடும்.

வகுப்பில் கிராண்ட் (தந்திகள் படுக்கையாக உள்ள பியானோ), வீட்டில் அப்ரைட் (தந்திகள் செங்குத்தாக உள்ளது) என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பியானோ தயாரிப்பாளர் எரார் 1821-இல் காப்புரிமை பெற்ற இரட்டை எஸ்கேப்மென்ட் என்ற இயந்திர அமைப்பு கிராண்டில் உண்டு. கட்டை முழுதும் மேலே வராமலே திரும்ப அடிக்கலாம். வழக்கமான அப்ரைட்டில் அது இல்லை. வேகமாக ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் வீட்டில் சறுக்கினால் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

நல்ல ஆசிரியரிடமும் ஒரு குறை வரலாம். ஆசிரியர் அழகாக வாசித்துக் காட்டக் காட்ட, பிள்ளை காதால் பிடித்துக்கொண்டு தாளைப் பார்ப்பதை விட்டுவிடும். அதற்குத் தினமும் ஐந்து நிமிடம், தன் நிலைக்கு இரண்டு படி கீழே உள்ள புதுப் பாடம் ஒன்றை, தப்பினாலும் நிற்காமல் வாசிக்க வைக்க வேண்டும்.