சொல்லால் தேடுவதா, பொருள் தலைப்பால் தேடுவதா?

நூலகத் தரவுத்தளத்தில் கட்டுரை தேடும்போது பலரும் தோன்றிய சொல்லைத் தட்டுகிறோம். வேகமான வழிதான், நேற்று வந்த கட்டுரைகூட அகப்படும். ஆனால் எழுதியவர் வேறு சொல்லைப் போட்டிருந்தால் தவறிவிடும். அந்தச் சொல் போகிறபோக்கில் வந்த கட்டுரைகளும் குவியும்.

பொருள் தலைப்பு, அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று நிலையான பட்டியலிலிருந்து எடுத்து அதற்கு இடும் பெயர், அப்படியல்ல. மருத்துவக் கட்டுரைகளுக்கான தரவுத்தளமான பப்மெட்டில் இதற்கென்றே ‘மெஷ்’ என்ற தலைப்புப் பட்டியல் உண்டு. மாரடைப்பை யார் எப்படிக் குறிப்பிட்டிருந்தாலும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். பெரிய தலைப்பில் தேடினால் அதன் உட்பிரிவுகளும் சேர்ந்தே வரும். இன்னும் தலைப்பு ஏறாத புதுக் கட்டுரைகள் விடுபடலாம், அதுதான் குறை.

என் ஓட்டு தலைப்புக்கே. சரி, சரியான தலைப்பு தெரியாவிட்டால்? முதலில் சொல்லால் தேடி, பொருத்தமான கட்டுரை ஒன்றைத் திறந்து, அதற்கு இட்டிருக்கும் தலைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.