க்ளோஸ்டு கூலிங் போட்டாலும் இம்பெல்லர் விடாது

பூலாம்பட்டியில் படகு ஓட்டும் நண்பர் கேட்டார்: "ஏனுங்க, காவேரித் தண்ணியில உப்பே இல்லீங்களே, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெச்ச எஞ்சினுக்கு எதுக்குக் கூடக் காசு குடுக்கோணும்?"

உப்பு இல்லைதான். நெருஞ்சிப்பேட்டை கதவணைத் தேக்கத்தில் இருப்பது வண்டலும் பாசியும் ஆகாயத்தாமரை வேரும். ஆற்றுத் தண்ணீரை நேராகச் சுற்றவிடும் எஞ்சினில் அந்த வண்டல் சிலிண்டரைச் சுற்றிய அறையின் அடியில் படிந்து இறுகும். படிந்த இடத்தில் சூடு இறங்காது. கடைசியில் சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போகும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த க்ளோஸ்டு சிஸ்டத்தில் ஆற்றுத் தண்ணீர் அதன் குழாயோடு நின்று கூலன்டின் சூட்டை வாங்கிக்கொள்கிறது, எஞ்சின் பிளாக்குக்குள் சுற்றுவது கூலன்ட் மட்டும்தான். எஞ்சின் 80 டிகிரியை ஒட்டிச் சீராக ஓடுகிறது, ஆயிலில் கசடு குறைகிறது. இந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். குறைந்தால் போர் தண்ணியை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நம்மூர் போர் தண்ணி வாட்டர் ஹீட்டர் காயிலை என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்திருப்பீர்கள்.

எரிச்சலெல்லாம் இம்பெல்லர் மேல்தான், அதாவது ஆற்றுத் தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இறகுச் சக்கரத்தின் மேல். 'க்ளோஸ்டு' என்று விற்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரை இழுக்கும் பம்ப் அப்படியே இருக்கிறது! கதவணைப் பராமரிப்புக்குத் தண்ணீரை வடிக்கும் நாட்களில் படகு சேற்றை ஒட்டி நகரும், பம்ப் சேற்றையே உறிஞ்சும். பம்பின் கவரைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவினால் வட்டமாக வரி விழுந்திருப்பது தட்டுப்படும். அந்த வரி வழியாகத் தண்ணீர் நழுவி உறிஞ்சும் வேகம் குறைகிறது. வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் கவரைத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

இம்பெல்லர் மாற்றும்போது முதலில் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும் அடி வால்வை மூடுங்கள். புதிய ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் அல்லது கிளிசரின் தடவுங்கள். கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். இறகுகளைச் சுழலும் பக்கத்துக்கு ஏற்ப மடக்கி நுழைத்து, புது பேப்பர் கேஸ்கட் போடுங்கள். பழையதில் இறகுகளை எண்ணிப் பார்ப்பது ரொம்ப முக்கியம். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் போய் அடைத்திருக்கும், மூடியைக் கழற்றித் தேடி எடுத்தே ஆக வேண்டும். வால்வைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் புது ரப்பரும் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

சூடு மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அது தாமதமாகத்தான் ஏறும். சூட்டை வாங்கிய ஆற்றுத் தண்ணீர் சைலன்ஸர் வழியாகப் புகையோடு வெளியே தெறிக்கும். அது முதலில் குறையும், சத்தம் வறண்டு கேட்கும். அப்போதே எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆற்றுத் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள்.

இவ்வளவு பாராட்டியும், இன்றைக்குக் கேட்டால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்கச் சொல்ல மாட்டேன். கூலன்டைப் படகின் அடியில் பதித்த குழாய் வழியே சுற்றவிடும் கீல் கூலர் போடுங்கள். ஆற்றுத் தண்ணீர் பம்ப் கிடையாது, இம்பெல்லரும் கிடையாது. சைலன்ஸர் மட்டும் தண்ணீர் படாத வகையாக இருக்க வேண்டும். தண்ணீர் வடியும் நாட்களில் பாறையில் உரசாமலிருக்க, குழாய்க்கு இரண்டு பக்கமும் அதைவிட ஆழமாக இறங்கும் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.