ஒரு ரெசிஸ்டர் பாக்கி: ரிஸ்க்-ஃபைவ் பலகையோடு இரண்டரை ஆண்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் ரிஸ்க்-ஃபைவ் கணினிப் பலகையின் முன் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா மகன் கேட்டான்: "மாமா, இந்த போர்டு இப்ப விலை குறைஞ்சிருக்கே, நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மின்னணுவியல் படிக்கிறான். அப்போதிருந்த கோபத்தில் நான் வாய் திறக்கவில்லை. அவனுக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானதும், மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வரவில்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். அதற்குப் பிறகு கீழே ஒரு ஜோஜோ தொட்டி வைத்தோம், மாடியில் இன்னொன்று. கீழிருந்து மேலே ஏற்ற ஒரு பம்ப். ஆலையில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான். பம்பைத் தானே ஓட வைக்கலாம் என்று 2023-இல் இறங்கினேன். தொட்டி மூடியில் நீர்மட்டம் பார்க்கும் சென்சாரோடு இஎஸ்பி32-சி3 என்ற ஒரு சின்னக் கட்டுப்பாட்டு சிப். வீட்டுக்குள் லினக்ஸ் ஓடும் ஒரு பலகை. பம்ப் ரிலே அதன் கையில். இரண்டிலும் ரிஸ்க்-ஃபைவ் பிராசசர்தான். ரிஸ்க்-ஃபைவ் என்பது பிராசசர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுப்பு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தேன்.

சி3 பற்றிச் சொல்ல அதிகமில்லை. 160 மெகாஹெர்ட்ஸ், 400 கேபி நினைவகம், உள்ளேயே வைஃபை. வெயிலிலும் ஈரத்திலும் கிடக்கிறது, இதுவரை ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை.

பலகைதான் என் பொறுமையைத் தின்றது. அந்த ஆண்டு லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. மின்சாரம் போய் வந்தால், சில முறை பலகை எழுந்திருக்காது. விளக்கு மட்டும் எரியும். பம்ப் ஓடாது, காலையில் அம்மா குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பவர் அடாப்டரை மாற்றினேன். எஸ்டி கார்டை மூன்று முறை மாற்றினேன். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பலகையோடு பேச உதவும் சீரியல் கேபிளைச் செருகிவிட்டு மின்சாரத்தை நிறுத்திப் போட்டால், ஒழுங்காக எழுந்துவிடும். இருபது முறை போட்டாலும் இருபது முறையும் எழும். கேபிளை எடுத்துவிட்டால் இரண்டு நாளில் மறுபடி படுத்துவிடும்.

ஏழு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் படுத்துக் கிடந்த பலகையின் மின்சாரத்தை நிறுத்தாமல், அப்படியே கேபிளைச் செருகி என்டர் தட்டினேன். லினக்ஸைக் கிளப்பிவிடும் யூ-பூட் என்ற நிரல் திரையில் வந்து நின்றது. பலகை சாகவில்லை! "நிறுத்த ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்" என்று யூ-பூட் இரண்டு விநாடி காத்திருக்குமே, அந்த இடைவெளியில் யாரோ விசையை அழுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. சீரியல் போர்ட்டில் தகவலை வாங்கும் ஆர்எக்ஸ் கால் எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கினால், பக்கத்து பம்பின் மின் இரைச்சலே அதற்கு ஒரு விசையாகத் தெரியும். கேபிள் செருகியிருந்தால் அந்தக் கால் 3.3 வோல்ட்டில் நிலையாக நிற்கும், அதனால் இரைச்சல் ஏறாது. நான் பார்க்கும்போதெல்லாம் அது நல்ல பிள்ளையாக இருந்த காரணம் இதுதான்.

அந்தக் காலிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் போதும். அதைத்தான் பலகை செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். நான் அப்போது யூ-பூட்டில் பூட்-டிலே (bootdelay) என்ற அமைப்பை -2 ஆக்கினேன். விசையைப் பார்க்காமல் நேரே கிளம்பு என்று அர்த்தம். சரி, தீர்ந்தது என்று இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். போன மாதம் பலகை செய்தவர்கள் தந்த புது ஃபர்ம்வேரை, அதாவது பலகையின் அடிப்படை மென்பொருளை, ஏற்றினேன். அது அந்த அமைப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் பழையபடி ஆக்கிவிட்டது. சனிக்கிழமை இரவு கரண்ட் போய் வந்தது. ஞாயிறு காலை அம்மா குளிக்கத் தண்ணீர் இல்லை. அன்றைக்குத்தான் ரெசிஸ்டரையே வைத்து சால்டர் செய்தேன்.

நியாயமாகச் சொன்னால், இது ரிஸ்க்-ஃபைவின் குற்றமில்லை. எந்த பிராசசர் பலகையிலும் இந்தத் தவறு நடக்கலாம். 2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தக் கட்டளைத் தொகுப்பு எனக்குத் தந்தது ரொம்பப் பெரிது. அடிப்படை 32 பிட் தொகுப்பில் மொத்தம் 40 கட்டளைகள்தான். ஆவணத்தை யாரும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். நாலு வாரக் கடைசிகளில் அந்த நாற்பதையும் பிராசசர் போலவே செய்துகாட்டும் எமுலேட்டர் ஒன்றை நானே எழுதினேன். இருபது வருடம் மோட்டார்களோடு பழகியவன், ஒரு கணினி உள்ளே என்ன செய்கிறது என்று முதல் முறையாகப் புரிந்துகொண்டது அப்போதுதான். அடியில் ஓபன்எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேர், அதன் மேல் யூ-பூட், அதன் மேல் லினக்ஸ் என்று பலகை எழுகிற ஒவ்வொரு படியின் மூல நிரலையும் திறந்து பார்க்க முடிந்ததால்தான் -2 என்ற வழியே எனக்குக் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு ரிஸ்க்-ஃபைவை முறைப்படி சேர்த்துக்கொண்ட செய்தியைப் படித்தபோது, சொந்தக்காரப் பையன் தேர்வில் தேறியதுபோல இருந்தது.

ஆனால் தம்பி, நீ வாங்காதே. இப்போது விலை குறைந்திருக்கும் பலகைகளில் பெரும்பாலானவற்றில், பல எண்களை ஒரே தடவையில் கணக்கிடும் வெக்டார் கட்டளைகள் கிடையாது. லினக்ஸ் போன்றவை ஓடும் ரிஸ்க்-ஃபைவ் பிராசசர்களுக்கென்று 2024 அக்டோபரில் உறுதியான ஆர்விஏ23 வரையறை அவற்றைக் கட்டாயமாக்குகிறது. வருகிற மென்பொருள்கள் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டன. அந்தப் பலகைக்குக் கொடுக்கும் காசில் நாலைந்து சி3 வாங்கிவிடலாம். படிக்க அதே 40 கட்டளைகள் அதிலும் உண்டு. எங்கள் பம்புக்கு இந்த மாதமே வேறு பலகை வைக்கப் போகிறேன், பழையதை மறுபடி நம்ப எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸும் கூடவே வேண்டுமென்றால், தீபாவளிக்கு வரும்போது என் பலகையையே எடுத்துக்கொண்டு போ. சீரியல் கேபிளும் பெட்டியிலேயே இருக்கிறது.